செயலாளரின் தொட்டியில் தாத்தாப்பூ

1

வாசகர்களே, சௌக்கியமா? முட்டி வலி, சளி எல்லாம் தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, எரிச்சல்தான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போனேன். அங்கே ஒரு மனிதர் பூந்தொட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். தொட்டிக்கு! கதை அப்போது முளைத்தது.

2

‘காவிரிக் காற்று இதமாக வீசிய மாலையில் மட்டுவார்குழலி—’

வேண்டாம். (இதமாம்! திருச்சி வெயிலில்!) நேராகவே சொல்லிவிடுகிறேன்.

மட்டுவார்குழலிக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. மாடியில் பைகளில் பரங்கிக்கொடி போட்டிருக்கிறாள். பூத்துக் கொட்டுகிறது, காய் மட்டும் பிடிக்கவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கராஜன் தீர்ப்பே சொல்லிவிட்டார்: “பொங்கலுக்குள்ள ஒரு காய் காட்டுங்கோ. இல்லேன்னா பையெல்லாம் கீழ இறக்கிடணும். மாடி என்ன உங்க வயக்காடா?”

அந்தச் சமயம் பார்த்துத் தண்ணீர்த் தொட்டியின் விரிசலில் தாத்தாப்பூ* முளைத்தது. அதைத் தேடித் தேனீ வந்தது. இனி பரங்கிப் பூவையும் எட்டிப் பார்க்கும், காய் பிடிக்கும் என்று அவள் நிம்மதியாக இருந்த அன்றே, சிமெண்ட் பெயர்ந்துவிடும் என்று செயலாளர் களைக்கொல்லி அடித்தார். செடி கருகியது, தேனீயும் போனது.

* மஞ்சள் நடு, வெளுத்த இதழ், காய்ந்தபின் ஊதினால் பஞ்சாய்ப் பறக்குமே, அதுதான். வெட்டுக்காயப் பூண்டு என்பார்கள். விரலில் கத்தி பட்டால் இலைச்சாறு, தேனீக்குத் தீனி, பிடுங்கிப் போட்டால் மற்றச் செடி வேருக்கு வெயில் படாத மூடாக்கு. காசு கொடுக்காமல் வந்ததால் மரியாதை இல்லை.

3

செயலாளர் காசு கொடுத்து வரவழைத்தது டேண்டலியன் விதை, தாத்தாப்பூவைப் போலவே பஞ்சாய்ப் பறக்கும் சீமை மஞ்சள் பூ. கல்லீரலுக்கு நல்லதாம். புதுத் தொட்டி, கேன் தண்ணீர், குடை. சீமை விதை நம் வெயிலில் செத்துப் போனது. காற்று கொண்டுவந்து போட்டது அந்தத் தொட்டியில் முளைத்தது. அவர் விரட்டிய அதே தாத்தாப்பூ! அவரோ அதுதான் டேண்டலியன் என்று நம்பிக் குடை பிடிக்கிறார்.

[இப்படியும் ஓர் ஆள் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் குடையைப் பார்த்தேனே.]

தேனீ திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு நசீரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

“சொல்லிடேன் குழலி. அந்த மூஞ்சி போற போக்கை நான் பாக்கணும்.”

“சொன்னா அடுத்த நிமிஷம் பிடுங்கிப் போட்டுடுவாரு, அக்கா. அப்புறம் தேனீக்கு நானா பூப்பேன்?”

செயலாளர் குடையோடு வந்தார். “ஃபாரின் சரக்கும்மா! உங்க களை மாதிரியா? தேனீகூட தரம் தெரிஞ்சு வர்றது பாருங்கோ. எப்படி இருக்கு? வாயைத் திறந்து சொல்லுங்கோ.”

4

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள், அவர் வெட்கித் தலை குனி— யார், ஸ்ரீரங்கராஜனா? கற்பனைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

முடிவு இரண்டு: அவள் புகழ்கிறாள். பொங்கலுக்குக் காய் வருகிறது. “என் செடி கூப்பிட்ட தேனீதானே” என்று அவர் பாதிப் பரங்கியை வாங்கிக்கொண்டு போகிறார். இது கட்டாயம் நடக்கும். அதனாலேயே எழுதக் கை கூசுகிறது.

ஆகவே அவளை அங்கேயே நிறுத்திவிட்டேன். எதிரே செயலாளர், பின்னால் அன்று காலைதான் விரிந்த பரங்கியின் பெண்பூ, நடுவே ஒரு தேனீ.

நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? உங்கள் வீட்டு விரிசலில் என்ன முளைத்தது, அதை யார் பிடுங்கினார்கள், எல்லாவற்றையும் எனக்கு எழுதுங்கள். காய் பிடிக்கும்வரை ஸ்ரீரங்கராஜன் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.