டிஸ்பாட்ச் அக்கா சொன்ன சாரி

அந்தத் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடி பாட்டில் செய்கிற இடம். செய்த பாட்டில்களை லாரியில் ஏற்றி அனுப்பும் டிஸ்பாட்ச் பிரிவில், ஜன்னலோரம் ஒரு சுழல் நாற்காலி, அதில் அவள். லாரி டிரைவர்கள் அக்கா என்பார்கள், வாசல் காவலாளி அக்கா என்பான், அவளைவிட வயதில் மூத்த ஸ்டோர் கீப்பர்கூடக் கூச்சமே இல்லாமல் அக்கா என்பார். அப்படிக் கூப்பிடப் பிறப்பிலேயே பாத்தியதை உள்ள ஒருத்தி மட்டும் ஏழெட்டு வருடமாகக் கூப்பிடுவதில்லை. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கியதோடு வந்தது வினை. உட்கார்ந்து வேலை பார்க்கிற எல்லோருக்கும் இங்கிலீஷ் பரீட்சை என்றார்கள். எழுத்துப் பரீட்சை என்றால் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஒப்பேற்றிவிடலாம். இது பேச்சுப் பரீட்சை. வெளியே ஓர் ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து, ஒவ்வொருவரையும் தனி அறையில் வைத்துக் கேள்வி கேட்கும். தேறினால் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம். தேறாவிட்டால் பேக்கிங் மேஜை.

பேக்கிங் மேஜைக்கு நாற்காலி கிடையாது. ஷிப்ட் முழுக்க நின்றபடியே பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அடுக்க வேண்டும். அக்காவின் வலது முழங்கால் தேய்ந்து போய், மாடிப்படி ஏறினால் பழைய கதவு மாதிரி முனகும். டாக்டர் நிற்கவே கூடாது என்றிருந்தார். ஆகவே மற்றவர்களுக்கு அது இங்கிலீஷ் பரீட்சை, அவளுக்கு முழங்கால் பரீட்சை. லாரி அனுப்ப எதற்கு இங்கிலீஷ் என்று யாரும் கேட்கவில்லை. டிரைவர்கள் அவளைத் திட்டுவதும் அவள் வட்டி போட்டுத் திருப்பித் திட்டுவதும் இதுநாள்வரை தாய்மொழியிலேயே நடந்துவந்தது. இரு தரப்புக்கும் அதில் குறை எதுவும் இருந்ததில்லை.

வீட்டில் மகள் வாத்தியாரானாள். நர்சிங் படிக்கிறவள், நோயாளியை மிரட்டுவதற்கு முன் அம்மாவை மிரட்டிப் பழகிக்கொண்டாள்.

"புரியலைன்னா முழிச்சிக்கிட்டு நிக்காதம்மா. 'சாரி?'ன்னு கேளு. மறுபடியும் கேப்பாங்க. அதுக்கு மார்க் குறைக்க மாட்டாங்க."

"நான் எதுக்குடி சாரி சொல்லணும்? என்ன தப்பு பண்ணேன்?"

"ஐயோ, அது மன்னிப்பு இல்லம்மா. 'என்ன கேட்டீங்க'ன்னு அர்த்தம்."

"அப்ப 'வாட்'னே கேக்கறேன்."

"அது மரியாதை இல்ல."

"என்னன்னு கேக்கறதுக்குக்கூட மன்னிப்பு கேக்கணுமா? நல்ல பாஷைடி இது!"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சொல்லிக் குடும்மா, சொல்லிக் குடு. உங்கம்மா வாயால அந்த வார்த்தையைக் கேக்கக் கல்யாணமான நாள்லேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அக்கா யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. தப்பு தன்மேல் என்று தெரிந்தால் அதிகமாக வேலை செய்வாள், எதிராளிக்குப் பிடித்ததைச் சமைப்பாள், வேறு ஏதாவது பேச்சை எடுப்பாள். அந்த வார்த்தை மட்டும் வராது.

பரீட்சை நாளன்று கதவைத் தள்ளிக்கொண்டு மீட்டிங் ரூமுக்குள் போனாள். ஏசி பெரிதாக உறுமியது. மேஜைமேல் சின்ன ரெக்கார்டர் ஒன்று சிவப்புப் புள்ளியோடு கிடந்தது. அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவளுடைய தங்கை.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை இங்கிலீஷ் பயிற்சி கொடுக்கிறாள் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள். இங்கே வந்து உட்காருவாள் என்று யார் கண்டது? மூக்குக் கண்ணாடி புதிது. கன்னம் கொஞ்சம் ஒட்டிப் போயிருந்தது. சரியாகச் சாப்பிடுவதில்லை போல என்று நினைத்துக்கொண்டே, நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

இப்போது அந்தக் கதை. மகள் சிறுமியாக இருந்தபோது, ஏதோ அடம்பிடித்தாள் என்று அக்கா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வீடு நிறைய விருந்தாளிகள். தங்கை குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு, "இப்படியா அடிப்பே?" என்றாள். "பெத்தவளுக்குத் தெரியும். உனக்கென்ன தெரியும்?" என்றாள் அக்கா. தங்கைக்குக் குழந்தை இல்லை; உண்டான ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை. கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனவள்தான். வாயைவிட்டு வெளியே வந்தபோதே அது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன? அவளே வந்து பேசட்டும் என்று இருந்துவிட்டாள்.

தங்கை விதிகளை இங்கிலீஷில் வாசித்தாள். இங்கிலீஷ் தவிர வேறு பாஷையில் ஒரு வார்த்தை பேசினாலும் பரீட்சை அங்கேயே முடிந்துவிடும், தேறவில்லை என்று கணக்கு. பதில் சொல்பவராகக் கேட்டால் ஒழியக் கேள்வியை மறுபடி சொல்லக் கூடாது. அடுத்து, எல்லோரிடமும் கேட்டாக வேண்டிய கேள்வி: என்னை உங்களுக்குத் தெரியுமா?

அக்கா சுவரைப் பார்த்தபடி, "நோ" என்றாள்.

தங்கை அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எதையோ குறித்துக்கொண்டாள்.

வேலைக்கு எப்படி வந்து போகிறீர்கள் என்பது முதல் கேள்வி. 'கம்யூட்' என்று தங்கை சொன்னது ஏசி இரைச்சலில் கம்ப்யூட்டர் என்று விழுந்தது. எங்கள் பிரிவில் இரண்டு கம்ப்யூட்டர், அதில் ஒன்று ரிப்பேர், பலமுறை சொல்லியும் ஆள் வரவில்லை என்று அக்கா மனப்பாடம் பண்ணியதையெல்லாம் சேர்த்து இங்கிலீஷில் கொட்டினாள். தங்கை பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே காத்திருந்தாள். ஒரு சாரி சொன்னால் கேள்வியை மறுபடி சொல்லிவிடுவாள். அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று அக்காவுக்கு விளங்கிவிட்டது. இவளிடம் அந்த வார்த்தையா? பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்தது, வேலை செய்யும் இடத்தை எப்படி 'டைடி'யாக, அதாவது ஒழுங்காக, வைத்திருக்கிறீர்கள். அக்காவின் காதில் 'டயர்டு' என்று விழுந்தது. ஆமாம், தினமும் டயர்டுதான், கால் வலி, வீட்டுக்குப் போனாலும் வேலை, என்றாள். தங்கை கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பெரியவர்கள் முன்னால் சிரிப்பை அடக்க இரண்டு பேரும் செய்கிற வேலை அது. அக்காவுக்கும் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. இருமி விழுங்கினாள். இரண்டு கேள்வி போயே போச்சு, இனி ஒன்று தப்பினாலும் முழங்கால் காலி என்று கணக்குப் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது, வீட்டில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். இது மகள் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தது. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கணவர் இன்ன வேலை, மகள் நர்சிங் படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள், கோபக்காரி. தப்பே இல்லாமல் வந்தது. வேண்டுமானால் இன்னும் சொல்லத் தயாராக இருந்தாள்.

தங்கை எழுதுவதை நிறுத்திவிட்டாள். கேள்வித்தாளைப் பார்க்காமல், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். அவள் இன்னும் தூக்கத்தில் பேசுகிறாளா?

அது எந்தப் பரீட்சையிலும் இல்லாத கேள்வி. மகள் குழந்தையாக இருந்தபோது சித்தியின் பக்கத்தில்தான் படுப்பாள். தூக்கத்தில் பேசுவாள், சித்தி அதற்குப் பதில் சொல்வாள், விடிந்ததும் இரண்டையும் நடித்துக் காட்டி வீட்டையே சிரிக்க வைப்பாள். அக்காவுக்கு அந்தக் கேள்வியில் ஓர் எழுத்துக்கூடப் புரியாமல் இல்லை. ஏசி சத்தம்கூடக் கேட்கவில்லை.

"சாரி," என்றாள்.

தங்கை தலையை ஆட்டிக்கொண்டு, விதிப்படி, அதே கேள்வியை இன்னும் மெதுவாக மறுபடி கேட்டாள்.

"கேள்வி புரிஞ்சுதுடி," என்றாள் அக்கா.

அவ்வளவுதான். சிவப்புப் புள்ளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கை அதை அணைத்தாள். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ஏன்க்கா? இன்னும் ரெண்டே கேள்விதானே இருந்துச்சு? எப்படியாவது தேறியிருப்பியே!"

"இங்கிலீஷ்ல சொன்னேன். நீ கேள்வியைத் திருப்பிக் கேட்டே. வேற எப்படிடி சொல்றது?"

தங்கை அழுதாள். அக்கா அழவில்லை, அவளுக்கு நாற்காலி ஞாபகம் வந்துவிட்டது. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது முழங்கால் முனகியது. மடச்சி, வெளியே போய் வாசலில் நின்று சொல்லியிருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கதவுவரை போய்த் திரும்பினாள்.

"இன்னும் பேசறா. வந்து கேட்டுக்கோ."

திங்கட்கிழமை பேக்கிங் மேஜையில் நின்றாள். மறுபரீட்சைக்கு ஆறு மாதம் பொறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மதியத்துக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. நாற்காலி போனதில் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதை மறைக்கவும் இல்லை, பெட்டிகளை டமார் டமார் என்று வைத்தாள். பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தவளுக்கு அவள்மேல் இரக்கமாகப் போய்விட்டது.

"அந்த டெஸ்ட் வச்ச பொம்பளைக்குக் கொஞ்சமாவது ஈவிரக்கம் இருக்காக்கா? இந்தக் காலோட உங்களை நிக்க வச்சுட்டாளே! யாரு அவ, உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா கையிலிருந்த பாட்டிலைப் பெட்டியில் வைத்தாள்.

"தெரியும். என் தங்கச்சி."