நாலு மணி வண்டி

பேருந்து நிலையத்தின் விசாரணை அறைக்கு முன்னால் எப்போதும் யாராவது ஒருவர் மூச்சு வாங்க நின்றுகொண்டிருப்பார். கண்ணாடியில் வட்டமாக வெட்டிய ஓட்டைக்கு வாயைக் கொண்டுபோய், "சீக்கிரம் போற வண்டி எது?" என்பார். உள்ளே இருப்பவள் பேனாவால் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவாள்.

"அதை அப்புறம் பார்ப்போம். முதல்ல நீங்க எங்க போகணும், அதைச் சொல்லுங்க."

இருபத்தாறு வருடமாக இதே கேள்வி. நிலையத்தில் அவள் பெயரே விசாரணையக்கா. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஒருமுறை ஒருவர் வந்து, "நீல வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எங்கே போக வேண்டும் என்று இவள் கேட்க, "அதெல்லாம் யோசிக்கலம்மா. நீல வண்டி நல்லா இருக்கும்னு சொன்னாங்க" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் ஒரு வாரம் சிரித்தாள்.

அந்த நிலையத்திலிருந்து கிளம்பும் அத்தனை வண்டிகளின் நேரமும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் எதிலும் ஏறிப் பெரிதாக எங்கும் போனவள் இல்லை. நாற்பத்தொன்றாம் எண் வண்டிக்கு வருகிறவர்களிடம், "இடது பக்கம் ஜன்னலோரமா உக்காருங்க. கடைசி அரை மணி நேரம் ஏரி கூடவே வரும்" என்பாள். போய்விட்டு வந்தவர் யாரோ எப்போதோ சொன்னது அது. தானும் ஒருநாள் போக வேண்டும் என்று நினைப்பாள். அதற்குள் அடுத்த ஆள் ஓட்டைக்கு வாயைக் கொண்டுவந்துவிடுவார்.

அவளுடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதுதான் தொழில். அப்படிப்பட்டவர் மனைவியின் கண் மஞ்சளாகியிருப்பதை, அவளுக்குப் புது ஃப்ரேம் மாட்டிப் பார்த்த அன்றைக்குத்தான் கவனித்தார். அதற்கு முன்பே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புடவை இடுப்பில் நிற்கவில்லை. வேலை அலுப்பு என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள்.

மருத்துவமனையில் பித்தக் குழாயின் அடைப்பை நீக்கச் சின்னதாக ஒரு குழாய் வைத்தார்கள். கண் வெளுத்தது. "அவ்வளவுதான், சரியாப் போச்சு" என்றார் கணவர். உண்மையில் அவளுக்கு இருந்தது கணையப் புற்றுநோய். அது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அவள் உடம்பைப் பற்றிய சேதி அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு முறையும் கணவரும் அவளுடைய தம்பியும் மருத்துவரின் அறைக்குள் போவார்கள்; அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். "அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்று மருத்துவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "அக்கா தாங்க மாட்டா டாக்டர்" என்று தம்பி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியிலும் ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, அடுத்தவர் ஓட்டும் வண்டியை நிறுத்திப் பழகியவன். வீட்டிலும் அவனுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

வலி மாத்திரை போட்டுக்கொண்டால் அவளுக்குப் பகலெல்லாம் மயக்கமாகவே இருந்தது. கூடத்துச் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினால் வண்டிகள் வந்தன. சத்தமே இல்லாமல் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, அலமாரியை ஒட்டி வளைந்து, சுவருக்குள் போய் மறைந்தன. எதிலும் ஊர்ப் பெயர்ப் பலகை இல்லை. அந்தக் கனவில் விசாரணை அறையும் வந்தது, ஆனால் அவள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே அவள் நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். அவள் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, பின்னால் நின்ற தம்பியிடம், "இவளுக்கு எந்த வண்டி?" என்று கேட்டார். அவள் கண்ணாடியைத் தட்டினாள். பஞ்சைத் தட்டுவதுபோல் இருந்தது, ஓசை எழவில்லை.

அப்படி ஒரு பிற்பகல், கனவின் ஓரத்தில் நிஜக் குரல்கள் கேட்டன.

"பெரியப்பா மகன் ஊருக்கு நாலு மணி வண்டில போயிடலாம் மாமா. அதுதான் வேகம்."

"ரொம்ப ஆட்டுமாம்டா. அவ உடம்பு தாங்குமா? ரெண்டு மணி வண்டியே போதும்னு தோணுது."

"குறுக்கு வழி ஒண்ணு இருக்குன்னு ஒருத்தர் சொல்றார். மூலிகைக்காரர். ஒரே மாசத்துல கொண்டுபோய்ச் சேர்த்துடுவாராம்."

அவள் காதில் விழுந்தாலும் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போகும் பேச்சு என்று சொல்லிவிடலாம் என்பது அவர்கள் ஏற்பாடு. நான்கு மருந்து சேர்ந்த சிகிச்சை நாலு மணி வண்டி. இரண்டு மருந்து சேர்ந்தது ரெண்டு மணி வண்டி. உலகத்தில் எத்தனையோ சங்கேத மொழி இருக்க, விசாரணையக்கா வீட்டில் உட்கார்ந்து பேருந்து நேரத்தில் பொய் சொல்ல இந்த இரண்டு பேருக்குத்தான் தோன்றும்.

"நாலு மணிக்கு அந்தப் பக்கம் வண்டி கிடையாது" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

சாப்பாட்டு மேஜையில் இருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"காலைல ஆறு, மத்தியானம் பன்னெண்டரை. அவ்வளவுதான். ரெண்டு மணி வண்டியை நிறுத்தி ஆறு வருஷம் ஆச்சு."

"இல்லக்கா, இப்பப் புதுசா விட்டிருக்காங்கன்னு..."

"யாரு, நீயா விட்டே?" அவள் எழுந்து உட்கார்ந்தாள். "என்கிட்டயேவா இந்தக் கதை? புற்றுநோய்தானே?"

கணவர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார்.

"பரவிடுச்சும்மா. தினமும் எத்தனை பேர் கண்ணைப் பார்க்கறேன். உன் கண்ணைப் பார்க்கறதுக்கு லேட்டாயிடுச்சு. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். மற்ற இருவரும் அழுதார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பயமாத்தான் இருக்கு. ஆனா நீங்க ரெண்டு பேரும் கிசுகிசுன்னு பேசறதைக் கேட்டப்ப இதைவிடப் பயமா இருந்துச்சு. பொய் சொல்றீங்கன்னு தெரியும். நீங்க சங்கடப்படுவீங்களேன்னு நானும் ஒண்ணும் தெரியாத மாதிரி நடிச்சேன். போதும். நாளைக்கு நானும் உள்ள வர்றேன்."

மறுநாள் மருத்துவரின் அறையில் மூன்று நாற்காலி போட்டார்கள். பழக்க தோஷத்தில் மருத்துவர் கணவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அவள் பேனாவை எடுத்து மேஜையை இரண்டு தட்டுத் தட்டினாள். மருத்துவர் சிரித்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அறுவை சிகிச்சை உதவாதும்மா, பரவிட்டதால. முழுசா குணமாக்கறேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா கட்டுப்படுத்திப் பார்க்கலாம். நாலு மருந்து சேர்ந்தது வலுவானது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. மருந்து ஏத்தற சின்ன பம்ப் ரெண்டு நாள் உடம்போட இருக்கும். அசதி, வாந்தி, விரல் மரத்துப்போறது எல்லாம் அதிகம். ரெண்டு மருந்து சேர்ந்தது கொஞ்சம் லேசு. மூணு வாரம் வாரா வாரம், நாலாவது வாரம் ஓய்வு. மரபணு பரிசோதனை ஒண்ணு செய்வோம். சில பேருக்கு அதுக்குத் தகுந்த மாத்திரை இருக்கு. புது மருந்து ஆராய்ச்சில சேர முடியுமான்னும் பார்க்கலாம். மருந்தே வேணாம், வலியும் வாந்தியும் இல்லாம இருந்தாப் போதும்னும் நீங்க சொல்லலாம். அதுவும் சிகிச்சைதான்."

"எவ்வளவு நாள் டாக்டர்?"

"பெரும்பாலும் மாசக் கணக்குலதான் பேச முடியும். சிலர் வருஷத்தைத் தாண்டறாங்க. தேதி யாராலயும் சொல்ல முடியாது."

"இதுல எது பெஸ்ட்டு?" என்று தம்பி முன்னால் வந்தான்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "நீல வண்டிக்காரர் மாதிரியே கேக்கறியேடா. எது நல்ல வண்டின்னு அப்புறம் பார்ப்போம். எங்க போகணும்னு என்னை யாராவது கேட்டீங்களா?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மருத்துவர்தான் மெதுவாகக் கேட்டார். "நான் கேக்கறேன். சொல்லுங்க, உங்களுக்கு எங்க போகணும்?"

"தூங்கி வழியாம, புத்தி தெளிவா இருக்கணும். முடிஞ்ச வரைக்கும் என் கண்ணாடிக்குப் பின்னாடி உக்காரணும். அப்புறம் நாற்பத்தொண்ணுல ஏறி ஏரியைப் பார்க்கணும். அதுக்கு எந்த மருந்து தோதோ அதைக் குடுங்க."

அப்படித்தான் முடிவானது. இரண்டு மருந்து, இரண்டு மாதம். பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்தச் சொல்லும் உரிமை அவளுக்கு. சாப்பிட்டது செரிக்க ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை. மருத்துவர் வலி நிவாரணப் பிரிவுக்குச் சீட்டு எழுதியபோது தம்பி பதறினான்.

"அது கடைசில போற இடம் இல்லையா டாக்டர்?"

"எல்லாரும் அப்படி நினைச்சுத்தான் தேவையில்லாம வலியைத் தாங்கறாங்க. மருந்து ஆரம்பிக்கறப்பவே அதுவும் கூடவே ஆரம்பிக்கணும்."

வலி மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றிய மூன்றாம் நாள், கூடத்துச் சுவர் சுவராக இருந்தது. வண்டிகள் வரவில்லை. அவள் தானாகவே எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

முதல் மருந்து திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை, நாற்பத்தொன்றில் இடது பக்கம் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் கணவர். தண்ணீர் பாட்டிலும் மாத்திரைப் பையும் கொடுத்துவிட்டு, தம்பி கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. "பிரேக்கை விடுடா" என்றாள் அவள். அவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். வண்டி நகர்ந்தது. விசாரணை அறையின் கண்ணாடி, வண்டி ஜன்னலைத் தாண்டிப் பின்னால் போனது. இந்தப் பக்கத்திலிருந்து பார்க்க அது இத்தனை சின்னதா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. காலை வெயில் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

நடத்துநர் வந்தார். மெலிந்த முகத்தையும் மாத்திரைப் பையையும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கணவரிடம் கேட்டார். "அம்மாவுக்கு எங்க சார்?"

கணவர் பதில் சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

"அவங்களையே கேளுங்க தம்பி. நோய் அவங்களோடது, பயணமும் அவங்களோடது. மறைச்சு வெக்கறது பாசம்னு நினைச்சு நாங்களே எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டு இருந்தோம். அது பாசம் இல்ல, அவங்க வாயைப் பொத்தறது. எங்க போகணும்னு போறவங்களைத்தான் கேக்கணும்."

நடத்துநர் ஒன்றும் புரியாமல் அவள் பக்கம் திரும்பினார். "எங்கம்மா போகணும்?"

இருபத்தாறு வருடம் அவள் கேட்ட கேள்வி. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கடைசி நிறுத்தம்" என்றாள். "ரெண்டு பேர். திங்கட்கிழமை எனக்கு மருந்து இருக்கு. அதனால திரும்பியும் வரணும்."