அடிக்கு ஓர் அங்குலம்

எங்கள் சாயப்பட்டறையில் ஆயுத பூஜைக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. கற்பூரம் ஏற்றின பிறகு வரிசையில் இருக்கிற எதையும் யாரும் தொடக் கூடாது. மறுநாள் காலை அவனவன் சாமானை அவனவன்தான் எடுக்க வேண்டும், அடுத்தவன் கை படக் கூடாது. யார் வைத்த சட்டம் என்று தெரியாது. முதலாளி நமச்சிவாயத்தின் அப்பா காலத்திலேயே இருந்தது.

இரண்டாவது கட்டுப்பாட்டை முதலாளியே ஒருமுறை மீறினார்.

என் மகன் அர்ஜுனன் என்னோடு தொட்டியில் நின்றவன். பட்டு நூல் சிட்டங்களைக் கழியில் மாட்டி, கொதிக்கிற சாயத்தில் இறக்கி, இந்தப் பக்கம் ஒருவன் அந்தப் பக்கம் ஒருவன் நின்று புரட்ட வேண்டும். நான்கு வருடம் எனக்கு எதிரே நின்றான். அறுபத்து மூன்றாம் வருடம் ஆவணியில் தாம்பரத்துக்குப் போய் விமானப் படையில் சேர்ந்துவிட்டான். எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். முதலாளியிடம் சொல்லவில்லை. அந்த வருடம் பூஜையில் அவன் கழியை என் கழிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலை முதலாளி அதை எடுத்து, முழங்காலில் கொடுத்து ஒடித்து, தொட்டி அடுப்பில் செருகினார்.

"ஓடிப்போனவனுக்கு இங்க இன்னா எடம்?"

பதினோரு பேர் நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்தக் கழி எரிந்த சூட்டில்தான் அன்றைக்கு அரக்குச் சாயம் போட்டேன்.

அதன் பிறகு எனக்கு எதிரே முனிரத்தினம் வந்து நின்றார். பட்டறையில் வயதில் மூத்தவர். ஆவி மறைத்து முகம் தெரியாது, குரல் மட்டும் வரும்.

"பரமசிவம், உன் பையன் ஏரோப்ளேன் ஓட்றானா?"

"இல்லண்ணே. ரிப்பேர் பாக்கிறான்."

"அப்போ கழுவுறான்னு சொல்லு."

அவன் கடிதத்தை அடுத்தவன் வாயால் கேட்கப் பிடிக்காமல், நாற்பத்து நான்கு வயதில் நெசவாளர் சங்கத்து முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்து கற்றுக்கொண்டேன். அவன் பார்க்கிற விமானத்துக்கு 'நாட்' என்று பெயர். கொசு மாதிரி ஒரு பூச்சியின் பெயராம். 'நம் பட்டறை நீளம்கூட இல்லையப்பா, ஒரு அடி குறைச்சல். அகலம் இருபத்திரண்டு அடி. அலுமினியம், வெயிலில் கண் கூசும்' என்று எழுதியிருந்தான். பட்டறையை அளந்தேன். முப்பது அடி.

அறுபத்தைந்து ஆவணியில் சண்டை வந்தது. டீக்கடை ரேடியோவில் நாட், நாட் என்றார்கள். அந்தச் சமயத்தில் வந்த கடிதம் நான்கே வரி. 'நலம். விமானத்துக்கு வேறு நிறம் அடித்துவிட்டோம். என்ன நிறம் என்று எழுதக் கூடாது. அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லவும்.' அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

என் மனைவி கமலவேணி அழவில்லை. என்னைப் பார்த்து, "இந்தாய்யா, இந்த வருஷமும் அவன் எடத்த வுட்டுட்டு வந்து நிக்காதே. அப்புறம் இந்த வூட்ல சோறு கெடையாது" என்றாள்.

சொல்லிவிட்டு முறம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் யோசித்தேன். கழியை வைத்தால் மறுபடி ஒடிப்பார்கள். அவன் இப்போது கழி பிடிக்கிறவனும் இல்லை. அவன் எதைத் தொட்டு வேலை செய்கிறானோ அதை வைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

ஓரிக்கையில் பாலாற்றங்கரையில் விழுந்து கிடந்த கல்யாண முருங்கையில் ஒரு துண்டு கிடைத்தது. நகம் பட்டால் இறங்குகிற மரம், தூக்கினால் கனமே இல்லை. பத்திரிகையில் வந்த படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட்டேன். சேலைப் புட்டாவுக்கு டிசைன்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். சின்னக் கட்டத்தில் இருப்பதைப் பெரிய கட்டத்தில் கட்டம் கட்டமாக எடுத்து வைத்தால் உருவம் தப்பாது. அடிக்கு ஓர் அங்குலம். இருபத்தொன்பது அங்குல நீளம், இருபத்திரண்டு அங்குல அகலம். ஞாயிற்றுக்கிழமைகளிலும் சாயங்கால வெளிச்சத்திலும் உளியும் கண்ணாடித் துண்டுமாகச் செதுக்கினேன். இரண்டு பக்கமும் காற்று புகும் வாயை நெருப்புக் கம்பியால் சுட்டுக் குடைந்தேன். ஓட்டுகிறவன் தலைமேல் மூடுகிற கண்ணாடிக்கு ஒரு சோப்பு டப்பாவின் மூடி. தொட்டி வெந்நீரில் முக்கி, இளகினதும் கட்டைவிரலால் வளைத்தேன். விரல் கொப்பளித்தது. சக்கரத்துக்கு அவன் பழைய சட்டைப் பொத்தான் மூன்று.

நிறம்தான் தெரியவில்லை. முப்பது வருடமாக நிறம் போடுகிறவனுக்கு ஒரு நிறம் தெரியாமல் இருப்பது சாப்பாட்டில் கல் கடித்த மாதிரி. எதற்காக மாற்றியிருப்பார்கள் என்று யோசித்தேன். மேலே பறக்கிற எதிரி குனிந்து பார்த்தால் தரைதான் தெரிய வேண்டும். அப்படியானால் வயல் பச்சை, மண் பழுப்பு. லாரி ஷெட்டில் டப்பா அடியில் மிஞ்சின பெயின்டைக் கேட்டு வாங்கிக் கலந்தேன். பட்டு ஈரத்தில் அடர்த்தியாக இருக்கும், காய்ந்தால் வெளுக்கும். அதனால் வேண்டிய நிறத்துக்கு ஒரு படி மேலே போடுவது எங்கள் கைப்பழக்கம். அதே பழக்கத்தில் ஒரு படி கூட்டி அடித்துவிட்டேன். பெயின்ட் வெளுக்கவில்லை. இன்னும் கறுத்தது.

பட்டறைக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது முனிரத்தினம் வந்தார்.

"இன்னாய்யா இது, கத்திரிக்காய்க்கு ரெக்க மொளச்சிருக்குது?"

"விமானம்ண்ணே. அர்ஜுனனோடது."

"சுட்ட கத்திரிக்காயா?" சிரித்தவர் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. "பச்சையில கறுப்பு கூட. நீ பட்டுக்குப் போட்ற மாதிரி போட்டுக்கினு இருக்கிற. பழுப்பு பாலாத்து மணல் நனஞ்சா எப்படி இருக்கும், அப்படி இருக்கணும். தெரியலன்னா கேளுய்யா, வாயி இல்ல?"

"உங்ககிட்ட கேட்டா கழுவுறான்னுவீங்க."

"கழுவுறான்தான். அதுக்காகக் கலர் தப்பா அடிப்பியா?"

சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். அடிவயிற்றுக்கு வெளிர் சாம்பல். இறக்கையில் காவி, வெள்ளை, பச்சை என்று வட்டத்துக்குள் வட்டம். நடுவில் ஒரு முள் குத்தி, பட்டு இழையைக் கட்டிச் சுற்றிக் கோடு போட்டேன். அந்தக் காவி மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

புரட்டாசியில் சண்டை நின்றது. கடிதம் வரவில்லை. ஆயுத பூஜை வந்தது.

பட்டறையைக் கழுவி, சுவரோரமாக வெள்ளை வேட்டி விரித்து, தராசு, செப்பு அண்டா, பதினோரு கழி, எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக வரிசையில் கிடந்தன. துண்டில் சுற்றிக் கொண்டுபோனதைப் பிரித்தேன். முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு திரும்பினார்.

"இன்னாடா இது?"

"அர்ஜுனனோட சாமான், மொதலாளி."

"கொலு எங்க வூட்ல வெச்சிருக்குது. அங்க போய்க் குடு. கொழந்தைங்க வெளையாடும்."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"கொலுவுக்கு இல்ல. வரிசைக்கு."

"அவன் நம்ம பட்டறை ஆளே இல்லியே."

"கழியத்தான் எரிச்சீங்க. எடம் அப்படியேதான் இருக்குது."

"எங்கடா இருக்குது எடம்? காட்டு."

என் கழிக்கும் முனிரத்தினத்தின் கழிக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. முதலாளி சிரித்தார். நான் நகரவில்லை. இரண்டு வருடம் முன்பு பேசாமல் தொட்டிக்கு நகர்ந்துபோன கால் இது என்று அதற்கே சொல்லிக்கொண்டு நின்றேன்.

"யோவ் பரமசிவம்," முனிரத்தினம் பின்னாலிருந்து கேட்டார், "அது எவ்ளோ அகலம்?"

"இருவத்திரண்டு அங்குலம்ண்ணே."

"ரெக்கய மடக்க முடியாதா?"

"கொக்கு இல்லண்ணே."

"ஒரு ஒழுங்கான பொருள் செய்யத் தெரியல உனக்கு." முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார். தன் கழியை எடுத்துத் தள்ளி வைத்தார். அதற்கு அடுத்த கழிக்காரன் ராமலிங்கத்தைப் பார்த்தார். அவன் தன் கழியை நகர்த்தினான். அவனுக்கு அடுத்தவன், அவனுக்கு அடுத்தவன். சிரித்த இரண்டு பேரும்கூட. கடைசிக் கழி வேட்டியை விட்டு வெறுந்தரைக்குப் போனது.

இடத்தில் விமானத்தை வைத்தேன். மூக்கு வாசலைப் பார்க்க.

"முனிரத்தினம்!" என்று முதலாளி கத்தினார்.

"இதோ ஆச்சு மொதலாளி, ராகு காலம் வந்துடும்." மூத்தவர் கற்பூரம் ஏற்றுவதுதான் எங்கள் வழக்கம். அவர் தீக்குச்சி கிழித்தார். விமானத்தை எடுக்க நீண்ட முதலாளியின் கை கற்பூரத் தட்டுக்கு மேலே நின்றது. பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டது.

மற்ற சாமானுக்கெல்லாம் முன்பே பொட்டு வைத்தாகியிருந்தது, கடைசியில் வந்த விமானம் மட்டும் வெறுமையாக இருந்தது. தொடக் கூடாது என்ற கட்டுப்பாடு எனக்கும்தான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். படையில் இருக்கிறவனுக்குப் பொட்டு எதற்கு.

மறுநாள் காலை அவனவன் கழியை அவனவன் எடுத்தோம். விமானம் மட்டும் வேட்டியில் நின்றது.

"எடுத்துக்கினு போடா," என்றார் முதலாளி.

"என்னுது இல்ல மொதலாளி. அவனவன் சாமான அவனவன்தான் எடுக்கணும்."

"அவன் எப்ப வருவான்?"

கடிதம் நின்று முப்பது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்கும் அது தெரியும். பட்டறை முழுக்கத் தெரியும்.

"வருவான்."

முதலாளி விமானத்தையும் அடுப்பையும் பார்த்தார். நான் போய் அடுப்பு வாயின் முன்னால் நின்றேன். கையில் கழி இருந்தது.

"போன தடவ நான் பேசல. இந்தத் தடவ அது இந்த அடுப்புக்குப் போச்சுன்னா, ஒரு கொடம் தண்ணிய ஊத்தி அணச்சிட்டு நானும் போறேன். வேற ஆள வெச்சு அரக்குப் போட்டுக்குங்க."

"நான் தனியா புரட்ட மாட்டேன்பா," என்றார் முனிரத்தினம், யாரையும் பார்க்காமல். "எனக்கு இடுப்பு வலி."

முதலாளி வெளியே போய்விட்டார். வேலை ஆரம்பித்தோம்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. நலம் என்றிருந்தது. லீவு எப்போது என்று தெரியாது என்றிருந்தது. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

விமானம் அதே இடத்தில் இருக்கிறது. சுற்றிலும் சிட்டம் அடுக்கினாலும் அந்த இருபத்திரண்டு அங்குலத்தில் யாரும் எதையும் வைப்பதில்லை. தொட்டி ஆவி பட்டுப் பச்சை கொஞ்சம் மங்கியிருக்கிறது. இப்போதுதான் சரியான நிறம் என்கிறார் முனிரத்தினம். போன வாரம் துண்டை எடுத்துக்கொண்டு கிட்டப் போனார்.

"தொடாதீங்கண்ணே."

"தூசியாச்சும் தட்ட வுடுய்யா."

"வேணாம். அவன் வந்து தட்டட்டும்."