கடைசி அத்தியாயத்தில் வரும் அண்ணன்

காலையில் கிளம்பும்போதே சண்டை. "நான் உன் பொண்ணுன்னு இதுவரைக்கும் ஒரு ஆள்கிட்டயாவது சொல்லியிருக்கியா?" என்று கேட்டேன்.

"அதான் புத்தகமே போட்டாச்சே" என்றான் அண்ணன், ஷூ லேசைக் கட்டிக்கொண்டே.

"அது வெறும் கதைன்னு போற இடமெல்லாம் சொல்லிட்டு வர்றியே!"

கட்டிய லேசை அவிழ்த்து மறுபடி கட்டினான். மாட்டிக்கொண்டால் அவன் செய்கிற வேலை அது.

அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன், ஆனால் அவன் என் அப்பா. நான் பிறந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. என்னைப் பெற்றவளின் வீட்டார் கைக்குழந்தையான என்னை இவனிடம் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்கள். இவனுடைய அம்மா என்னைத் தன் கடைக்குட்டி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள். பத்து வயதில் எனக்கு உண்மை தெரிந்தது. தெரிந்து என்ன பண்ண? வாயில் அண்ணாதான் வருகிறது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே அவன் எழுதியது அந்த நாவல். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அப்பாவாகிற கதை. என் வயதுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படித்தார்கள். ஒரு பத்திரிகை தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. இன்னொன்று, இதைப் படித்தால் பையன்கள் உருப்பட்ட மாதிரிதான் என்று கரித்துக்கொட்டியது. அவன் இரண்டையும் ஒரே முகத்தோடு படித்துவிட்டு மடித்து வைத்தான்.

அன்று நூலக மாடியில் விமர்சனக் கூட்டம். பேச வந்த விமர்சகருக்கு எழுத்தாளர்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரி. எந்தப் புத்தகம் கையில் கிடைத்தாலும் வெட்டாமல் விடமாட்டாராம். மேடையில் அண்ணனும் பதிப்பாளர் அம்மாவும். நான் கீழே மூன்றாவது வரிசையில்.

"குழந்தைக்குக் காய்ச்சல் வர்ற அத்தியாயம் பரவாயில்ல" என்று ஆரம்பித்தார் கத்தரி. "ஆனா கடைசி அத்தியாயம் சுத்தப் பொய். இவன்தான் அப்பான்னு தெரிஞ்ச பிறகும் அந்தப் பொண்ணு அண்ணான்னே கூப்பிடுதாம். எந்தக் குழந்தையாவது அப்படிக் கூப்பிடுமா? ஓடிவந்து அப்பான்னு கட்டிக்காதா? இவர் கைக்குழந்தையைத் தூக்கியே இருக்கமாட்டார். உட்கார்ந்த இடத்துல கதை விட்டிருக்கார்."

கூட்டம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூக்கியே இருக்கமாட்டானாம்! என்னை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவன் அவன்.

பதிப்பாளர் அம்மா மைக்கை வாங்கினார். "நானும் இதைத்தான் சொல்லிட்டிருக்கேன். அடுத்த பதிப்புல அந்தப் பொண்ணு அப்பான்னு கூப்பிடட்டும். என்ன தம்பி, மாத்திடலாமா?"

அண்ணன் குனிந்து ஷூ லேசைத் தொட்டான். அந்தப் புத்தகம் முழுக்க நான் இருப்பது அண்ணா என்கிற அந்த ஒரு சொல்லில்தான். அதையும் எடுத்துவிட்டால் அது யாரோ ஒருத்தியின் கதை. அவன் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தான்.

"சரி, மாத்தி…"

"அண்ணா, மாத்தாத!"

எப்போது எழுந்தேன், எப்படிக் கத்தினேன், ஒன்றும் தெரியவில்லை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பின்வரிசையில் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வேறு. நாக்கைக் கடித்துக்கொண்டேன். பழக்கதோஷம், என்ன செய்ய?

"தங்கச்சியாம்மா நீ?" என்றார் கத்தரி. "அண்ணனை விட்டுக்கொடுக்காம பேசுற, சந்தோஷம். ஆனா இது இலக்கியம், உட்காரு." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்க தங்கச்சிதானே?"

தலையை ஆட்டினால் போதும். என்னைப் பள்ளியில் சேர்த்தபோதும், கை முறிந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், இதே கேள்விக்கு அவன் அப்படித்தான் ஆட்டியிருக்கிறான். இப்போதும் ஆட்டிவிட்டால் இந்த ஜென்மத்தில் அவனோடு பேசக்கூடாது என்று நினைத்தேன். நினைக்கும்போதே பயமாக இருந்தது. பேசாமல் எப்படி இருப்பேன்?

அவன் எழுந்தான். ஒரு லேஸ் அவிழ்ந்து தொங்கியது. அதைக் கட்டவில்லை.

"தங்கச்சி இல்ல சார்." என்னைக் கையால் காட்டினான். "என் பொண்ணு. இன்னைக்குக் காலையிலகூட அண்ணான்னுதான் கூப்பிட்டா."

யாரும் சிரிக்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, பார்க்கவும் தோன்றவில்லை. அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இப்போதாவது அப்பா என்று கூப்பிட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அண்ணா என்றுதான் வந்தது.