நடுத்தட்டில் நின்ற கை

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு றிபாஸ் தன் டயர் கடையைத் திறப்பதில்லை. கல்முனை பஸாருக்கே அது தெரியும். இந்த வெள்ளி மட்டும் சாத்திய கதவுக்குள் காற்றடிக்கும் கொம்பிரஷர் இரைந்துகொண்டிருந்தது. அவன் மனைவி ஸுஹைறா, தொழில்நுட்பக் கல்லூரி மாணவி, தான் செய்த இயந்திரக் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கழித்துப்போட்ட பஸ்ஸின் கதவைத் திறந்து மூடிய காற்றுச் சிலிண்டர்தான் அந்தக் கையை அசைத்தது. கை தேநீர்க் கிளாஸை மூன்று தட்டு அலுமாரியின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் பிசகாமல் வைத்தது. நடுத்தட்டில்தான் வினை. கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று அறிய, பழைய றேடியோவின் சத்தம் கூட்டும் குமிழை மூட்டில் பொருத்தியிருந்தாள். உரிய உயரம் வந்ததும் வால்வு சிலிண்டரின் இரு பக்கக் காற்றையும் அடைத்தது. அப்படியும் கை தாண்டிப்போய், திரும்பி, கிளாஸின் பாரத்தில் மெல்லத் தாழ்ந்தது.

மறுநாள் கல்லூரிக் கண்காட்சி. நடுவில் நிற்காத கைக்கு மேசை தரமுடியாது என்று விரிவுரையாளர் தம்பிமுத்து சொல்லியிருந்தார்.

"அடைச்ச காத்து கல்லு மாதிரி நிக்குமா புள்ள? டயரை அமத்திப் பாரு, அமுங்கும்," என்றான் றிபாஸ்.

"பெரிய டயர் எஞ்சினியர்! வழியையும் சொல்லுங்களன் மச்சான்."

"வழி தெரிஞ்சா நான் ஏன் பஞ்சர் ஒட்டுறன்?"

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "காத்து தள்ளினாப் போதும். பிடிக்கிறத்துக்கு வேற ஒண்டு வேணும். உங்கட சைக்கிள் பிரேக்கைக் கழட்டுங்க."

"மறுகா நான் எப்பிடி ஊட்டுக்குப் போற?"

"நடந்துதான். நானும் வாறன்தானே."

சிலிண்டர் தண்டின் கிறீஸைப் பெற்றோலால் துடைத்து, இரு புறமும் பிரேக் கட்டைகளை வைத்தாள். ஸ்பிரிங் அவற்றை இறுக்கிப் பிடிக்கும்; கையைத் தள்ளும் காற்று வந்தால்தான் பிடி தளரும். காற்று வெளியேறும் துளையையும் திருகிச் சிறிதாக்கினாள். கை ஊர்ந்து வந்தது. நடுத்தட்டில் நின்றது. பொழுது சாய்ந்து மஃரிபு பாங்கு சொல்லும்வரை இருபது தரம் பார்த்தார்கள். இருபது தரமும் நின்றது.

கண்காட்சியில் தம்பிமுத்து, கை நடுத்தட்டில் நின்றிருக்கும்போதே காற்றுக் குழாயைப் பிடுங்கினார். உஸ்ஸென்று காற்று போனது. கை அசையவில்லை; தேநீர் தளும்பவுமில்லை.

அவர் றிபாஸின் டயர்க் கரி படிந்து கறுத்த விரல்களைப் பார்த்தார். "நல்ல வேலை தம்பி."

"எனக்கு இதில ஒண்டும் தெரியாது சேர்," றிபாஸின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. "எல்லாம் என்ட பொஞ்சாதிட மூளை. அவக்கிட்டக் கேளுங்க."

சொல்லிவிட்டு அவன் பின்னால் நகர்ந்தான். கூட்டம் நெருங்கி வந்தது. முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு, ஸுஹைறா மேசைக்கு முன்னால் வந்து விளக்கத் தொடங்கினாள்.