பூட்டு அளவுப் பாப்பா

"பாப்பாவுக்கு முழங்கால் வந்துருச்சாப்பா?" என்று என் மகள் கேட்டபோது, நான் அதே கட்டிலின் மறு ஓரத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். விளக்கை அணைப்பதற்கு முன்பு மூன்று கேள்விகள் மட்டும் கேட்கலாம் என்பது அவளுக்கும் அவளுடைய அப்பாவுக்கும் இடையிலான ஒப்பந்தம். முழங்கால் அன்றைய இரண்டாவது கேள்வி. மீனுக்குத் தாகம் எடுக்குமா என்பது முதலாவது.

"வந்திருக்கும்," என்றார் அவர்.

"வந்தா மடக்கத் தெரியுமா?"

"இது மூணாவது."

"இல்லப்பா, இது ரெண்டாவது கேள்வியோட வால்."

"வக்கீலம்மா, வாலும் கணக்குல சேரும்."

"வாலை வெட்டுனா கேள்விக்கு வலிக்காதா?"

அவர் சிரித்தார். கடையில் வாடிக்கையாளர்களுக்கென்று அவர் வைத்திருக்கும் சிரிப்பு அது. நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வர வேண்டிய இடம் இது என்பது எனக்குத் தெரிந்தது, தெரிந்ததோடு நின்றுவிட்டது.

பாப்பா என்று ஒருவரும் இல்லை. என் வயிற்றில் இருந்த கரு நான்காம் மாதத்தில் வளர்ச்சி நின்றுபோய், நான் மருத்துவமனைக்குச் சென்று வெறும் வயிற்றோடு திரும்பியிருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மகளிடம் சொல்லி வைத்தோம். காய்ச்சல் தீர்ந்து பல நாட்கள் ஆகியும் உண்மையை யார் சொல்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவர் சொல்வார் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவர் இருந்தார் போலும். அதற்குள் அவள், பாப்பாவுக்கு இடம் விட்டுப் பழகுகிறேன் என்று கட்டிலின் விளிம்பிலேயே படுத்து, ஒரு முறை கீழே விழுந்து நெற்றியையும் புடைக்க வைத்துக்கொண்டாள்.

என் கணவர் ஹார்டுவேர் கடையில் விற்பனையாளர். பாப்பா எவ்வளவு பெரியது என்று மகள் நச்சரிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, சனிக்கிழமைதோறும் கடையிலிருந்து ஒரு பொருளை வாங்கி வந்து, "இந்த வாரம் இவ்ளோ" என்று அவள் உள்ளங்கையில் வைப்பார். முதலில் ஒரு நட்டு வந்தது. பிறகு அலமாரிக் குமிழ், நாற்காலிச் சக்கரம், கடைசியாக ஒரு பூட்டு. எல்லாவற்றையும் அவள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்திருந்தாள். பாப்பா இரும்பா, மழையில் நனைந்தால் துருப்பிடிக்குமா என்றெல்லாம் அப்போது கேள்விகள் வந்தன. பூட்டு வந்த அன்று, "சாவி எங்க?" என்றாள். "சாவி அம்மாகிட்டதான் இருக்கணும்" என்று அவர் அதை என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்தேன் என்பதும் நினைவிருக்கிறது.

பூட்டுக்குப் பிறகு வரிசை நின்றது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளில், "ஸ்டாக் வரலம்மா" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேற கடையில கேட்டியாப்பா?" என்றாள் அவள், மிகுந்த அக்கறையுடன்.

நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். தைத்து வரும் சட்டைகளின் பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, தளர்வானவற்றை ஒதுக்கிவைக்கும் வேலை. மேற்பார்வையாளர் மிகவும் நல்லவர். "முடியலேன்னா உக்காந்துக்கோம்மா" என்பார். "பரவால்லைங்க" என்பேன். உண்மையிலேயே பரவாயில்லாமல்தான் இருந்தது. விரல்கள் இழுத்தன, பொத்தான்கள் அசையாமல் இருந்தன, நான் அடுத்த சட்டையை எடுத்தேன். அழுகை வரும், வந்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து மேசைக்காரி சொல்லியிருந்தாள். பேருந்துக்குக் காத்திருப்பதைப் போல நானும் சில நாட்கள் காத்திருந்து பார்த்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

இந்தச் சனிக்கிழமை அவர் வந்ததும், வழக்கம்போல மகள் அவருடைய பையைக் குடைந்தாள். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியிலிருந்து, திருகு வைத்த ஒரு பித்தளைத் தண்ணீர்க் குழாய் வெளியே வந்தது.

"அம்மா! ஸ்டாக் வந்துருச்சு!"

அவள் அதைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். அவர் செருப்பைக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"எடுக்கணும்னு எடுக்கல," என்றார். "கடை அடைக்கிற நேரம், கை தானா அலமாரிக்குப் போயிருச்சு. பில்லும் போட்டுட்டேன். பஸ்ஸுல வரும்போதுதான் தெரிஞ்சுது, என்ன பண்ணியிருக்கேன்னு."

"அங்கேயே எங்கயாவது போட்டிருக்கலாமே."

"எப்படிம்மா போடுறது?"

நான் பாத்திரத்தை அலம்பி வைத்தேன். "அளவு சரியா இருக்கா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"சரியாத்தான் இருந்திருக்கும்," என்றார்.

படுக்கும் நேரத்தில் அவள் குழாயைத் தன் வயிற்றின் மேல் நிறுத்தி வைத்திருந்தாள். மூச்சு விடும்போதெல்லாம் அது ஏறி இறங்கியது.

"பாப்பாவைத் திறந்தா தண்ணி வருமாப்பா?"

"வராது."

"மூடுனா அழுகை நிக்குமா?"

"நிக்குமாப்பா?" என்று அவள் மீண்டும் கேட்டாள். அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பிறகு சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தார். நான் சுவரிலிருந்து திரும்பினேன்.

"பாப்பா வராதும்மா," என்றேன். பொத்தான் சரியாக இருக்கிறது என்று சொல்லும் குரலில்தான் சொன்னேன்.

"நாளைக்கா?"

"எப்பவுமே. பாப்பா வளர்றது நின்னுருச்சு. அதுக்கப்புறம் செத்துப்போச்சு."

அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பூட்டு அளவுலயே நின்னுருச்சா?"

"ஆமா."

"அதான் ஸ்டாக் வரலையா?"

"ஆமாம்மா."

"அப்ப இது?" என்று குழாயைக் காட்டினாள்.

"அப்பா மறந்துபோய் எடுத்துட்டு வந்துட்டார்."

அவள் எழுந்து உட்கார்ந்து, குழாயின் திருகை ஒரு முறை திறந்து மூடினாள். "எல்லாத்தையும் கடையில திருப்பிக் குடுத்துடணுமாப்பா?"

"வித்த பொருளைத் திருப்பி எடுக்க..." என்று தொடங்கினார் அவர். கடையில் தினமும் பலமுறை சொல்லிப் பழகிய வாக்கியம்; பாதியில் நின்றது. அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தோள்கள் அசைவதை நான் பார்த்தேன். எட்டித் தொடும் தூரத்தில்தான் இருந்தார்.

"அப்பா அழுறார்," என்று அவள் எனக்குத் தெரிவித்தாள். பிறகு மெதுவாக, "எனக்கு இன்னும் எத்தனை கேள்வி இருக்கு?" என்றாள்.

"இன்னிக்குக் கணக்கே இல்ல. கேளு."

எத்தனை வேண்டுமானாலும் கேட்கலாம் என்றதும் அவள் தடுமாறிப் போனாள். நெற்றியில் இன்னும் பாதி வடியாதிருந்த புடைப்பைத் தேய்த்துக்கொண்டாள்.

"அப்ப அந்தச் சாவியை எனக்குத் தர்றியாம்மா?"

நான் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்தேன். ஊக்குகளுக்கும் கசங்கிய பேருந்துச் சீட்டுகளுக்கும் அடியில் சாவி கிடந்தது. அதைக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்; அவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறு ஓரத்தில் படுத்தார். அவள் கட்டிலிலிருந்து இறங்கி, குழாயை வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, பூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்தாள். அவளே விளக்கை அணைக்கச் சொன்னாள்.

இருட்டில் பூட்டும் சத்தம் கேட்டது. திறக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும் பூட்டினாள், திறந்தாள். சத்தங்களுக்கு இடையே இருந்த நேரம் நீண்டுகொண்டே போனது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

கடைசியாகக் கேட்டது பூட்டிய சத்தமா, திறந்த சத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய விரல்களுக்குள் இருந்த பூட்டைத் தேடி என் கை சென்றது. இரும்பு அவளுடைய கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.