கரை வேட்டி கருகிய காரணம்

குவைத்தில் பன்னிரண்டு வருஷம் லாண்டரியில் வெந்தவன் நான். துணி காயவைக்கிற டிரையர் மக்கர் செய்தால் பாபநாசம் வட்டாரத்தில் இந்த மூஸாவை விட்டால் வேறு நாதியில்லை. ஐப்பசி அடைமழையில் ஒன்றியச் செயலாளர் கிள்ளிவளவன் ஆள் அனுப்பியபோது எனக்குப் போகவே மனமில்லை. மேடை ஏறினால் ஏழை எளியவர் என்று தொண்டை அடைக்கப் பேசுகிற மனிதர். ஊருக்குத்தான் உபதேசம்.

போனால், கூடத்தில் பஞ்சாயத்து. ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர் நாற்காலியில். சுவரோரம் நின்றவள் அம்சம், வீட்டு வேலைக்காரி. மாநாட்டுக்கு வைத்திருந்த கரை வேட்டிகள் எட்டும் தீய்ந்த அப்பளமாக நடுவில் கிடந்தன.

“துபாய்லேர்ந்து மவன் அனுப்புன மிஷின், பாய். இவ கண்ட பட்டனையும் அமுக்கிக் கெடுத்துட்டா. மிஷின்ல கோளாறு இல்ல, இவ தப்புதான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க,” என்றார் கிள்ளிவளவன்.

சீட்டு எதற்கென்று எனக்கா தெரியாது? அவருடைய கொல்லைக் கோடியில்தான் அம்சத்தின் குடிசை. மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டு அவள் தாலுகா ஆபீசில் மனுப் போட்டிருந்தாள். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. வேலையை விட்டு நிறுத்திக் குடிசையைப் பிரித்துப் போட, ஊர் ஒப்புகிற மாதிரி ஒரு குற்றம் வேண்டியிருந்தது. உழுதவனுக்கே நிலம் என்று ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசும் வாய் அது. தூ.

“பாத்துட்டுச் சொல்றேன்,” என்றேன்.

பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். சூட்டை அளக்கும் சென்சார் உள்ளே சுண்டுவிரல் நுனியளவு இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்க வேண்டும். அது இறங்கினால்தான் ஹீட்டர் அணையும். மீட்டரை வைத்தேன். பத்து கிலோ ஓம் காட்டியது. சூடு இல்லாதபோது அதுதான் சரியான அளவு.

“பாத்தீங்களா, சென்சார் நல்லாத்தான் இருக்கு,” என்றார் கிள்ளிவளவன். மீட்டரைத் தலைகீழாகக் கொடுத்தாலும் அவருக்குத் தெரியாது.

அவர் வீட்டு ஹேர் டிரையரையே வாங்கிச் சூடு காட்டினேன். இரண்டு மூன்றுக்கு விழ வேண்டியது ஒன்பதிலேயே நின்றது. சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே ஏதோ கெட்டியாக அப்பியிருந்தது. துணிப் பஞ்சு என்றால் பஞ்சாக இருக்கும். இது தவிட்டு நிறம். நகத்தால் சுரண்டியதும் கை அரித்தது. நெல் சுணை. உமியும் தூசியும் ஈரத்தோடு ஒட்டி வெந்து இறுகியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி சூடு காட்டினேன். மளமளவென்று இறங்கியது. சூடே உறைக்காத சென்சார் ஹீட்டரை எங்கே அணைக்கும்? வேட்டிதான் வேகும்.

“துணி போடுற மிஷின்ல நெல்லைப் போட்டது யாருங்க?” என்றேன்.

கிள்ளிவளவன் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.

“ஐயாதான் பாய்,” என்றாள் அம்சம். “தலையணை உறையில ரெண்டு படி கட்டிப் போட்டாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

நாலு பேரும் நிமிர்ந்தார்கள். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பியடித்த ஊர் நெல் முழுக்க, ரோட்டோரம் தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட்டுக் கொண்டிருந்தது. இவர் நெல் மட்டும் ஒரே நாளில் எடை போட்டுப் போனது. கட்சிச் செல்வாக்கு என்று ஊர் நினைத்தது. நிலையத்தில் மாதிரிக்குக் காட்டுகிற நெல்லை மட்டும் மனிதர் டிரையரில் சுற்றிக் காயவைத்துக் கொண்டுபோயிருக்கிறார்.

“நெல்லால கெட்டதுன்னு சீட்டு எழுதவாங்க?” என்றேன்.

இப்போதாவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பார்கள் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு தடவைக்கு எத்தனை படி காயும்?”

“சன்ன ரகத்துக்கும் ஆவுமா?” என்றார் இன்னொருவர்.

கிள்ளிவளவனுக்கு உயிர் வந்தது. “ரிப்பேர் முடியட்டும், எல்லாரும் கொண்டாங்க. நமக்குள்ள என்ன?” என்றார். அம்சத்தின் குடிசை அங்கே ஒருவனுக்கும் நினைவில்லை. இந்த ஜென்மங்களுக்கா நியாயம் தெரியப் போகிறது?

“விஷயம் மட்டும் வெளிய போவக் கூடாது,” என்றார் மூத்தவர். சொன்ன பிறகுதான் எல்லோரும் அம்சத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் என்னைவிடச் சீக்கிரம் கணக்குப் போட்டுவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

“நான் எதுக்குங்கய்யா வெளிய சொல்லப் போறேன்? என் மனைக்கு ஆட்சேபணை இல்லன்னு ஐயா எழுதிக் குடுக்கட்டும். நீங்க நாலு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போடுங்க.”

நாலு பேரும் கிள்ளிவளவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னிடம் பேனா வாங்கினார். காகிதத்தில் இரண்டு வரி எழுதியவர், மூன்றாவது வரியில் நின்றார். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பவளை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

“ஒன் முழுப் பேரு என்ன?”